அவர் வலி குறையக் குறைய

என் கணவர் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு வலியோடு கிடந்த நாட்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த நாட்கள். இதைப் படிக்கிறவர்கள் என்ன பொம்பளை இவள் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். அந்த நாட்களுக்காக நான் இன்னும் ஏங்குகிறேன் என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். வீட்டின் முன்பாதியில் குடித்தனம், பின்பாதியில் ஆறு தறி. எங்கள் வரிசையில் எல்லா வீடும் இப்படித்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. அதற்கப்புறம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே மறந்துபோனது.

தறி ஓடும்போது பேச்சு எடுபடாது. அதனால் நாங்கள் கையால் பேசிக்கொள்வோம். கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர் வேண்டும். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்தால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. முஷ்டியைச் சுழற்றினால் தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்துவிட்டது, வேறு போடு. இருபத்தெட்டு வருடத்தில் என் கணவர் என்னிடம் பேசியதில் பாதிக்கு மேல் இந்தக் கைப்பேச்சுதான். அதில் நூல் இருந்தது, டீ இருந்தது, கரண்ட் போனது இருந்தது. என்னைப் பற்றி ஒன்றும் இருந்ததில்லை.

கெட்ட மனுஷர் இல்லை. குடி கிடையாது, அடி கிடையாது. தொடுவதும் கிடையாது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அது அப்படியே நின்றுபோனது. மகன், மருமகள், தறிக்கு வருகிற ஆட்கள் என்று நாள் முழுக்க யாராவது குறுக்கே போய்க்கொண்டிருக்கும் வீட்டில், ஐம்பது வயதில் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன், மற்றவர்களைப் பார்த்து.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாங்காய் லாரிகள் சித்தூர்ப் பக்கம் போகத் தொடங்கும் சமயம், அவர் தறிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருப்பதிக்குக் கொண்டுபோனோம். மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். இடது காலிலிருந்து நரம்பெடுத்து, நெஞ்செலும்பைப் பிளந்து, பைபாஸ் செய்தார்கள்.

மறுநாள் என்னை ஐசியுவுக்குள் விட்டபோது வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் குரல் வரவில்லை. அவர் வலது கையைத் தூக்கி, நெஞ்சுக் கட்டுக்கு மேலே இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் நடுவயதுத் தெலுங்குக்காரி. கட்டை வெட்டி எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஒத்து, ஒத்து" என்று தெலுங்கில் வேண்டாமெனத் தடுத்து, அவர் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அது இல்ல சிஸ்டர்," என்றேன். "நூலு அறுந்துபோச்சுன்னு சொல்றாரு. தாங்க முடியலையாம்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு போய் ஊசி மருந்து கொண்டுவந்து குழாயில் ஏற்றினாள். கொஞ்சம் பொறுத்து அவரிடம் குனிந்து, வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிறது என்றால் பத்து, இப்போது எத்தனை என்று தெலுங்கில் கேட்டு விரலால் காட்டச் சொன்னாள். அவர் எட்டு விரல் காட்டினார். அன்றைக்குத் தொடங்கியது இந்த எண் விவகாரம்.

வார்டுக்கு மாற்றிய பிறகு அதே சிஸ்டர் ஒரு மத்தியானம் வந்து, மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், அதோடு சேர்த்து வலியைக் குறைக்கச் சில வழிகள் இருக்கின்றன என்றாள். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து என்று இரண்டு தடவை சொன்னாள். எங்கள் பக்கத்து ஜனங்களை அவளுக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

முதலில் ஒரு தலையணை. இருமல் வந்தால் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும். அப்புறம் மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி. மூச்சை உள்ளே இழுத்தால் உருண்டை எழும்ப வேண்டும். அப்புறம் காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், அதில் புல்லாங்குழல். அவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"சாவு வூட்ல கூட இத்த விட சத்தம் இருக்கும்," என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள், அருவி மாதிரி ஏதாவது, என்று சிஸ்டர் சொன்னாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கைலாசகோனை அருவி இருக்கிறது. கண்ணை மூடினார். திறந்ததும், "போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன். ஒரே கூட்டம்," என்றார்.

கடைசியாகத்தான் கைக்கு வந்தாள். "நீ இவரு கைய நல்லா படிக்கிற அம்மா, உனக்கு இது வரும்," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி என்னை ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவர் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கட்டை விரலால் மெதுவாக, ஒரே அழுத்தமாக இழுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு விரலாக. ஊசி குத்தியிருந்த இடத்தைத் தொடக் கூடாது. நரம்பெடுத்த இடது காலைத் தொடக் கூடாது. நெஞ்சுப் பக்கமே போகக் கூடாது. இரண்டு கையும் வலது பாதமும் மட்டும். இருபது நிமிடம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். தறியை முடுக்குகிற மாதிரி வேகவேகமாகத் தேய்த்தேன். சிஸ்டர் என் கைமேல் தன் கையை வைத்து அடக்கினாள். "மெல்லகா," என்றாள்.

மெல்லத் தேய்த்தபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். புறங்கையில், சுண்டு விரலுக்குக் கீழே, ஒரு பழைய தழும்பு. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"இது எப்ப ஆச்சு?"

"நாடா தெறிச்சுது. பெரியவன் பொறந்த வருஷம்."

இருபத்தாறு வருடம். அத்தனை வருடமாக அந்தக் கையிலிருந்து நூல் வாங்கியிருக்கிறேன், தம்ளர் வாங்கியிருக்கிறேன். பார்த்ததில்லை. இருபது நிமிடம் முடிந்து சிஸ்டர் எண் கேட்டாள். ஐந்து என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் கொஞ்சம்," என்றார். அவர் என்னிடம் குழம்பைக்கூட அப்படிக் கேட்டதில்லை.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு செத்துட்டாங்க?" என்றார்.

தெருவில் ஒரு தறி ஓடவில்லை. எங்கள் வரிசையில் சாவு விழுந்தால்தான் எல்லா வீட்டிலும் தறியை நிறுத்துவார்கள். மற்றபடி கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

"யாரும் இல்ல நைனா," என்றான் மகன். "நீ ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டரு சொன்னாரு இல்ல, அதான். தெருவுல எல்லாருமே நிறுத்திக்கினாங்க."

அவ்வளவு அன்பு. என்ன சொல்வது? உயிரோடு இருக்கிறவருக்காக அந்தத் தெரு நின்றது அதுதான் முதல் தடவை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிச்சாட்டூரிலிருந்து என் நாத்தனார் ஒரு பாட்டில் நிறையக் கஷாயம் கொண்டுவந்தாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் சாப்பிடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் நான் கொடுக்கவில்லை. அவளுக்குக் கோபம். "நீ இன்னா நர்சுக்குப் படிச்சியா?" என்று கேட்டாள். படிக்கவில்லைதான். ஆனால் அந்த இருபது நிமிடம் தேய்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

தினமும் நாலு மணிக்கு, டீ குடித்ததும், முன்னறையில் அவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். "இன்னிக்கி எத்தினி?" என்பேன். ஆறு என்பார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, முதலில் வலது கை. மருமகள் குறுக்கே போவாள், நான் கையை எடுக்க மாட்டேன். வைத்தியமாயிற்றே, யார் என்ன சொல்ல முடியும்?

அந்த மௌனத்தில் அவர் வாயால் பேசத் தொடங்கினார். இத்தனை வருடமாகப் பக்கத்திலிருந்த மனுஷர்தானா என்றிருந்தது. ஒரு நாள் சொன்னார், "நெஞ்ச நிறுத்தி வச்சுட்டுத்தான் தையல் போட்டாங்களாமே. கரண்ட் போய் வந்தா மாதிரி. வராமப் போயிருந்தா?"

"வந்துச்சு இல்ல," என்றேன்.

"நீ எங்க இருந்த அப்போ?"

"வெளிய பெஞ்சுல."

"சாப்ட்டியா?"

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்துக் கேட்கிறார், அன்றைக்குச் சாப்பிட்டாயா என்று. இல்லை என்றேன். அவர் விரல்கள் என் விரல்களை லேசாகப் பிடித்தன. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிடம் நாற்பதாயிற்று.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் மத்தியானம், பின்தெருவில் யாரோ அவசரமாக நெய்து தர வேண்டிய ஒரு பாவுக்காக இரண்டு தறியை ஓட்டினார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்ததில் சத்தம் எங்கள் வீட்டுக்கு வந்தது. காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவர் அப்படியே தூங்கிப்போனார். முகம் தளர்ந்திருந்தது. எழுந்ததும் கேட்டேன். மூன்று என்றார். அந்தத் தறிகள் நின்ற அரை மணியில் மறுபடியும் ஆறு. அடுத்த நாளும் அதே மாதிரி நடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷரைக் கொண்டுவந்து நிசப்தத்தில் போட்டிருக்கிறோம். கவனத்தைத் திருப்ப ஒன்றுமில்லாமல் தன் நெஞ்செலும்பையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். தறியை ஓட்டினால் போதும், அவருக்கு வலி குறையும்.

தறியை ஓட்டினால் நானும் தறிக்குப் போக வேண்டும். மூன்று தறி என் பொறுப்பு. அவர் நிம்மதியாகத் தூங்குவார். எண் குறையும். நாலு மணிக்கு யாருக்கும் நான் தேவைப்பட மாட்டேன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், மகன் வந்து, "நைனாவுக்கு இப்ப தேவலாமாம்மா? நாளைக்கி தறிய ஓட்டலாமா?" என்று கேட்டபோது, "இன்னும் ஒரு வாரம் ஆவட்டும்டா," என்றேன். கட்டிலில் படுத்தபடி அவர் என்னைப் பார்த்தார். பெண்டாட்டிக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பார். தெரு முழுக்கத் தறியை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தது. நான் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தலையணையைக் கட்டிக்கொண்டு இருமினார், நிற்கவில்லை. முடிந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கவும் பயந்து, அப்படியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண் கேட்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானே தறிக்கூடத்துக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். ஒரு தறி, அடுத்த தறி, ஆறும். மகன் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடிவந்தான். அவனுக்குப் பதில் சொல்லாமல் முன்னறைக்கு வந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். வாயோரத்தில் சின்னதாகச் சிரிப்பு. அரை மணியில் பக்கத்து வீட்டிலும் ஓட்டினார்கள், பிறகு எதிர் வீட்டில். பத்து மணிக்குள் தெரு பழைய தெருவானது. அவர் மத்தியானம் வரைக்கும் தூங்கினார்.

அன்றைக்கு நாலு மணிக்கு எண் நாலு. மறுநாளும் நாலு. அதற்கடுத்த வாரம் மூன்று. நான் தறியை மருமகளிடம் விட்டுவிட்டு வந்து தேய்ப்பேன். ஆனால் சத்தத்தில் பேச்சு இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் காது பின்பக்கமே இருக்கும். ஒரு தறி தட்டுகிற விதம் மாறினால் என் கைக்குள்ளிருந்து தன் கையை உருவிக்கொண்டு இரண்டு விரலைக் கத்தரியாக ஆட்டுவார். போய்ப் பார் என்று அர்த்தம். நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன்.

எண் இரண்டானது. எந்த வீட்டிலாவது புருஷன் வலி குறைவதைப் பார்த்து ஒருத்தி பயந்திருப்பாளா? நான் பயந்தேன். "சரியா சொல்லுங்க, ரெண்டுதானா?" என்று கேட்பேன். அவரும் யோசித்துப் பார்த்து, "ஒண்ணரை இருக்கும்," என்பார். நேர்மையான மனுஷர். ஒரு நாள் ஸ்டூலைப் போட்டதும், "இன்னிக்கி வேணாம்மே, நீ போயி தறியப் பாரு," என்றார். நான் போனேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் திருப்பதி போனபோது டாக்டர் எண் கேட்டார். "சுன்னா," என்று தெலுங்கிலேயே சொன்னார் என் கணவர், பெருமையாக. பூஜ்யம். டாக்டர் சந்தோஷப்பட்டார். எலும்பு கூடிவிட்டது, நாள் போகப் போக வலி குறைவது இயல்புதான், மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கை பிடித்துவிட்டதும் தூக்கமும் எல்லாம் சேர்ந்துதான் ஆற்றியிருக்கின்றன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இனி லேசான வேலை செய்யலாம். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிடும்போது அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். பாதி அதுவும்தான்.

வாசலில் அந்த சிஸ்டரைப் பார்த்தோம். இன்னும் கை பிடித்துவிடுகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். வலி இல்லாவிட்டாலும் செய்யலாமே, நல்லதுதானே என்றாள். என் கணவர் சிரித்தார்.

"அப்புறம் தறிய யாரு பாக்கறது?" என்றார்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். நடக்கிறார், தறி ஓட்டுகிறார், உப்பில்லையென்று கோபித்துக்கொள்கிறார். இதற்குத்தானே அந்த பெஞ்சில் பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு டீ போடும்போது கை ஏங்குகிறது. மூன்று தறிக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் சைகைக்குப் பதில் சைகை காட்டுகிறேன். நூல் அறுந்தது. சரி. நாடாவில் நூல் தீர்ந்தது. சரி. "அன்றைக்குச் சாப்பிட்டாயா" என்பதற்கு எங்களிடம் சைகை இல்லை.

போன மாதம் ஒரு நாள் கரண்ட் போயிருந்தது. தெரு முழுக்க நின்றுவிட்டது. மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். அவர் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருடம் முப்பதாகிவிட்டது, இன்னும் என்ன வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வலது கையை நீட்டினேன்.

"கை வலிக்குதுங்க," என்றேன்.

அவர் பதறிப்போனார். எங்கே, எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறந்து தேடுகிற சத்தம் கேட்டது. டாக்டர் அவருக்கு எழுதிக்கொடுத்து மிச்சமிருந்த வலி மாத்திரையில் ஒன்றையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து, நான் நீட்டியிருந்த கையில் மாத்திரையை வைத்தார்.

"போட்டுக்கோ. அரை மணில கொறஞ்சுடும்," என்றார். நான் விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நின்றார், அவர் மாத்திரை போடும்போதெல்லாம் நான் நின்ற மாதிரி.

விழுங்கினேன். எனக்கு எங்கேயும் வலி இல்லை. கரண்ட் வந்தது. அவர் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு, என்னைக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிவிட்டு, என் மூன்று தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளப் பின்கட்டுக்குப் போனார்.